தமிழ்க் குரல்களைத் தொலைத்துவிடாதீர்கள்: தொலைக்காட்சி நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

தூர்தர்ஷன் தமிழ் நிலையத்தாருக்கும், தமிழில் ஒளிபரப்பும் தனியார் தொலைக்காட்சிகளின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் நேயர்களில் ஒருவன் எழுதுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்தான். நீங்கள் முன்பு ஒளிபரப்பிய நகைச்சுவை நாடகங்கள், சிரிப்புத் தொடர்கள், தமிழில் டப் செய்த கார்ட்டூன்கள் ஆகியவற்றில் இன்று உங்கள் கைவசம் என்னென்ன இருக்கின்றன என்று தேடிப் பார்த்து ஒரு பட்டியல் வெளியிடுங்கள். இருப்பதை மேலும் கெடாமல் கம்ப்யூட்டரில் ஏற்றி வையுங்கள். கார்ட்டூன் விஷயத்தில் படம்கூட வேண்டாம், தமிழ் ஒலி மட்டும் கிடைத்தால் போதும்.

கார்ட்டூனிலிருந்தே தொடங்குகிறேன். அதுதான் சத்தமில்லாமல் அழிந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

எங்கள் வயதுக்காரர்களுக்குச் சின்ன வயதில் தமிழ்க் கார்ட்டூன் என்று ஒன்று கிடையாது. 1993இல் தூர்தர்ஷனில் ஜங்கிள் புக் வந்தது. ஜப்பானில் செய்த படம், இந்தியில் பேசியது, ஷேர் கானுக்கு நானா படேகர் குரல், குல்சார் எழுதிய தொடக்கப் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தைகூடப் புரியாமல், அந்தப் பாட்டை முழுதாகப் பாடினோம். மௌக்லி என்ன சொல்கிறான் என்பதை முகத்தைப் பார்த்துத்தான் ஊகித்தோம். அந்தப் பாட்டு எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆனாலும், கதை புரியாமல் ஒரு கதையை நேசித்து வளர்ந்தோம் என்பதை இப்போது நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

2004 டிசம்பரில் டிஸ்னி சேனல் இந்தியாவுக்கு வந்தபோது தமிழ் ஒலியையும் சேர்த்துக் கொண்டுவந்தது. அப்புறம் 2007 ஏப்ரலில் சுட்டி டிவி. குழந்தைகளுக்கென்றே முழுநேரத் தமிழ் சேனல். அது வந்த பிறகு வீடுகளில் என்ன நடந்தது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். என் அக்கா மகனுக்கு அப்போது நான்கு வயது. டோராவின் பயணங்கள் ஓடும். நரி மெல்ல மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். இவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய், கையை நீட்டி, “குள்ளநரி திருடக்கூடாது!” என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவான். டோரா கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். இவன் பதில் சொல்வான். அவள் “ஆமாம்” என்றதும் எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்ப்பான். டிவி தன்னோடுதான் பேசுகிறது என்பதில் அவனுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

அமெரிக்காவில் 2000இல் தொடங்கிய அந்தத் தொடரில் டோரா ஆங்கிலம் பேசி, நடுநடுவே ஸ்பானிஷ் சொல்லித்தருவாள். நம்மிடம் வந்தபோது தமிழ் பேசி, நடுநடுவே ஆங்கிலம் சொல்லித்தந்தாள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும் அவளோடு சேர்ந்து எண்ணியது. பெரியவர்கள் கேலிக்குக்கூட “டோரா புஜ்ஜி” என்று ஒருவரை ஒருவர் கூப்பிடும் அளவுக்கு அது தமிழ்நாட்டுப் பேச்சில் ஊறிவிட்டது. அதே சேனலில் ஜாக்கி சானின் கார்ட்டூன் தொடர். அதில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் பெரியவரின் குரலை அந்தத் தலைமுறைப் பையன்கள் இன்றும் கல்லூரி விழாக்களில் பேசிக் காட்டுகிறார்கள்.

சரி, அந்தக் குரல் யாருடையது?

ஆங்கிலத்தில் அந்தப் பெரியவருக்குக் குரல் கொடுத்தவர் சாப் ஷிமோனோ. டோராவுக்குக் கேத்லீன் ஹெர்லெஸ். ஒரு நிமிடம் தேடினால் தெரிந்துவிடும். தமிழில் பேசியவர்கள் யார்? அத்தியாயத்தின் கடைசியில் அவர்கள் பெயர் ஓடி நான் பார்த்ததில்லை. சென்னையில் டப்பிங் கலைஞர்களுக்குச் சங்கம் இருக்கிறது, ஸ்டூடியோக்கள் இருக்கின்றன, வாய் அசைவுக்கு ஏற்ப வசனத்தை நறுக்கி எழுதும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிரே ஒரு சின்னத் திரையைப் பார்த்து, ஒரே ஆள் நரியாகவும் பாட்டியாகவும் பேசிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். குழந்தைக் குரல்களில் பலவற்றைப் பேசியவர்கள் வளர்ந்த பெண்கள். நம் பிள்ளைகளுக்குப் பேச்சுத் தமிழின் ஏற்ற இறக்கத்தைக் கற்றுக்கொடுத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 1982இல் தொடங்கிய ரூபவாஹினியில் வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்தில் தந்தவர் டைட்டஸ் தொட்டவத்த. பக்ஸ் பன்னியை ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆக்கியவர் அவர். 2011இல் அவர் இறந்தபோது, தங்கள் குழந்தைப் பருவத்தைத் தந்த மனிதர் என்று அந்த நாடு அவரை நினைத்துக்கொண்டது. நம்மிடம் அப்படி நினைத்துக்கொள்ள ஒரு பெயர்கூட இல்லையே.

இப்போது அழிவுக்கு வருகிறேன். வெளிநாட்டுக் கார்ட்டூனைச் சில ஆண்டுகளுக்கு ஒளிபரப்பும் உரிமையோடுதான் நீங்கள் வாங்குகிறீர்கள். கெடு முடிந்தால் போட முடியாது. போட முடியாத டேப்புக்கு அலுவலகத்தில் இடம் கிடைப்பது கஷ்டம். தமிழ் ஒலி யாருக்குச் சொந்தம் என்பதும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அதே தொடரைப் பிறகு வேறொரு நிறுவனம் வாங்கினால் புதிதாக டப் செய்யும், அல்லது தமிழே இல்லாமல் வெளியிடும். ஆக, படம் எங்கேயும் போய்விடவில்லை. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ தயாரித்தவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். உலகத்தில் வேறு எங்கும் இல்லாதது அந்தத் தமிழ்ப் பேச்சு மட்டும்தான். அது உங்கள் அலமாரியில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அடுத்தது, நாமே எடுத்த நாடகங்கள். அங்கே படமும் ஒலியும் இரண்டுமே நம்முடையவை, போனால் இரண்டும் போகும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. செவ்வாய்க்கிழமை நாடகம் என்றால் தெருவே அமைதியாகிவிடும் காலம் ஒன்று இருந்தது. டிவி உள்ள வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருக்கும். மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் கைதட்டல் வாங்கிய நகைச்சுவைக் குழுக்கள், சென்னைக்கே வந்திராத கிராமத்து மனிதர்களையும் அந்தப் பெட்டி வழியாகச் சிரிக்கவைத்தன. எஸ்.வி.சேகரின் வண்ணக் கோலங்கள் வந்தது. தேவனின் துப்பறியும் சாம்பு தொடராக வந்தது. ஒரே ஹால், ஒரு சோபா, சுவரில் ஒரு காலண்டர், அவ்வளவுதான் செட்டு. மிச்சமெல்லாம் வசனம். கேமரா அதிகம் நகராது என்பதால் நடிகர்கள் நேரம் பார்த்துப் பேச வேண்டும், ஒரு நொடி தப்பினால் சிரிப்பு போய்விடும். கிரேஸி மோகன் எழுதும் வசனத்தில் முதல் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது விழும் என்பதால், நடிப்பவர்கள் மேடையில் பழகிய ஆட்களாக இருந்தால்தான் தாங்கும். 2019இல் அவர் போய்விட்டார். அவருடைய சினிமாக்கள் நாளைக்கும் இருக்கும். தொலைக்காட்சிக்கு அவர் எழுதியதில் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் என் கவலை.

தனியார் சேனல்கள் வந்த பிறகு நகைச்சுவை வேறு மாதிரி ஆனது. 1998இல் ராஜ் டிவியில் ரமணி வெர்சஸ் ரமணி. கே.பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரித்து நாகா இயக்கியது. ஒரு சின்ன வீட்டுக்குள் கணவன், மனைவி, அவர்களின் அன்றாடச் சண்டை. கத்தல் கிடையாது, கண்ணீர் கிடையாது. அடுத்த சில ஆண்டுகளில் விஜய் டிவியில் லொள்ளு சபா. ராம்பாலா இயக்கத்தில் சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா. நாம் கையெடுத்துக் கும்பிட்ட சினிமாக்களையே எடுத்துக் கலாய்த்தார்கள். வசனத்தை இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டே உடம்பை ஆட்டும் மனோகரை நினைத்தாலே சிரிப்பு வரும். சன் டிவியில் ஸ்ரீப்ரியாவும் நிரோஷாவும் நடித்த சின்ன பாப்பா பெரிய பாப்பா. இவற்றில் ரமணி வெர்சஸ் ரமணியை இன்று நான் யூடியூபில் நிம்மதியாகப் பார்க்கிறேன் என்றால், பாலசந்தரின் இன்னொரு நிறுவனமான கவிதாலயா அதைக் காப்பாற்றி வைத்திருந்து வெளியிட்டதுதான் காரணம். பிறகு 2022இல் நாகா அதன் மூன்றாம் பாகத்தை எடுத்தார். பழையது கண்ணெதிரே இருந்தால் புதியது பிறக்கும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

டேப் எந்த நிலையில் இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் பெரியப்பா விசிஆர் வாங்கிய புதிதில் செவ்வாய்க்கிழமை நாடகங்களைப் பதிவு செய்து, கேசட்டின் முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் நாடகத்தின் பெயர் எழுதி வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு பரணிலிருந்து இறக்கி, ரிச்சி தெருப் பக்கம் பழைய விசிஆர்களைப் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் உடனே மெஷினில் போடவில்லை. கேசட்டின் மேல் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். சுருளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. “இப்படியே போட்டா ஹெட்டும் போயிரும் சார், டேப்பும் போயிரும்” என்றார். ஐந்து திருகையும் கழற்றி, சுருளை வெளியே எடுத்து, ஆல்கஹால் தொட்ட துணியால் கையாலேயே ஓட்டி ஓட்டித் துடைத்தார். துணியில் பழுப்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது பூஞ்சை மட்டுமல்ல, டேப்பின் காந்தப் பூச்சும்தான். படமும் சத்தமும் அந்தப் பூச்சில்தான் இருக்கின்றன. பிறகு ஓட்டியபோது படம் சுருண்டு சுருண்டு ஓடியது, முகம் நிற்கவில்லை. ஆனால் சத்தம் வந்தது. ஒரு அம்மாள் மருமகனைக் கூப்பிடுகிறார், அவர் ஏதோ சொல்கிறார், பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். கடைக்காரரும் சிரித்தார்.

வீட்டு கேசட்டின் கதி இது. உங்கள் நிலையங்களில் இருப்பவை யூ-மேட்டிக், பீட்டாகேம் ரகங்கள். உசத்தியானவைதான், ஆனால் அவற்றிலும் அதே பூச்சுதான். ஈரம் ஏறினால் பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பசை இளகி ஒட்டும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. போதாக்குறைக்கு ஓட்டும் மெஷின்களும் அருகிவிட்டன. பீட்டாகேம் டேப் விற்பதையே 2016இல் சோனி நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களைக் காப்பாற்ற 2025தான் கெடு என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே உலகை எச்சரித்தது. யுனெஸ்கோவும் அதே எச்சரிக்கையைத் திரும்பச் சொன்னது. அந்தக் கெடுவும் வந்துவிட்டது.

சட்டமும் நம் பக்கம் இல்லை. ஒரு புத்தகம் அச்சானால் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு நூலகங்களுக்குப் பிரதி போயாக வேண்டும். அதில் ஒன்று நம் கன்னிமரா. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒளிபரப்பியதை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று அரசு விதி சொல்கிறது, அதுவும் புகார் வந்தால் பார்ப்பதற்காக. 91ஆம் நாள் அழித்தால் கேட்பாரில்லை. பிரான்ஸில் 1992இலேயே வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தேசியக் காப்பகத்தில் சேர்க்கச் சட்டம் போட்டார்கள். 2006இல் அந்தக் காப்பகத்தை இணையத்தில் மக்களுக்கே திறந்தும் விட்டார்கள்.

தமிழுக்கு இது புதிய அனுபவமும் இல்லை. நடராஜ முதலியார் எடுத்த ஊமைப்படமான கீசக வதம் இன்று இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸ், அதன் பிரதியும் இல்லை. அந்தக் காலத்தில் சினிமாவை யாரும் காப்பாற்ற வேண்டிய பொருளாக நினைக்கவில்லை. இன்று சினிமாவுக்கு அந்த மரியாதை கிடைத்துவிட்டது, தொலைக்காட்சிக்குக் கிடைக்கவில்லை. அதிலும் கச்சேரிப் பதிவு என்றால் கலைச் செல்வம் என்கிறோம், தூர்தர்ஷன் காப்பகமே அவற்றில் பலவற்றை டிவிடியாக வெளியிட்டிருக்கிறது. சிரிப்பு நாடகம் என்றால் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்தத் தரம் பிரிப்பை நான் ஏற்கவில்லை. ஒரு காலத்து மனிதர்கள் எப்படிப் பேசினார்கள், வீட்டில் யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள், எதற்கு வெட்கப்பட்டார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதெல்லாம் கச்சேரியில் கிடைக்காது. நாடகத்தில்தான் கிடைக்கும்.

பிபிசி செய்த தவறை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். 1960, 70களில் டேப் விலை அதிகம் என்று பழைய நிகழ்ச்சிகளை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிந்தார்கள். பீட்டர் குக்கும் டட்லி மூரும் நடித்த நகைச்சுவைத் தொடரை அழிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், புது டேப்புக்கான பணத்தை நானே தருகிறேன் என்றார் குக். கேட்கவில்லை, அழித்தார்கள். டாட்ஸ் ஆர்மி என்ற புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரில் 3 அத்தியாயங்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. டாக்டர் ஹூ என்ற அறிவியல் கற்பனைத் தொடரில் காணாமல் போனவை 90க்கும் மேல்.

ஆனால் அந்த டாக்டர் ஹூவில்தான் நமக்கான வழியும் இருக்கிறது. காணாமல் போன அத்தியாயங்கள் எல்லாவற்றின் ஒலியும் இன்று இருக்கிறது. எப்படி? அந்தக் காலத்து ரசிகர்கள் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். அதே பிபிசி அவர்களிடம் வாங்கி, சுத்தம் செய்து, 2016இல் ஒரு முழுக்கதைக்கு அந்த ஒலியை வைத்தே கார்ட்டூன் படம் வரைந்து வெளியிட்டது. அவர்களுக்கு ஒலி இருந்தது, படத்தை வரைய வேண்டியிருந்தது. தமிழ்க் கார்ட்டூன்களுக்கு வரையும் வேலைகூட இல்லை. படம் தயாராக இருக்கிறது. ஒலியைத்தான் சேர்க்க வேண்டும்.

நம் ரசிகர்களும் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். யூடியூபில் தேடினால் கிடைக்கும். படத்தை இடம் வலமாகத் திருப்பி, சுற்றிலும் கட்டம் போட்டு, குரலின் சுருதியை ஏற்றிப் போட்டிருப்பார்கள். காப்புரிமை எச்சரிக்கை வரக்கூடாது என்ற பயத்தில்தான் அப்படிச் செய்கிறார்கள். கீழே, எனக்கு இது ஞாபகம் இருக்கிறது, மீதி அத்தியாயம் யாரிடமாவது இருக்கிறதா என்று கெஞ்சும் குறிப்புகள். உரிமை உங்களுடையது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவற்றை நீக்கச் சொல்லும் முன்பு, போட்டவரிடம் மூலப் பதிவு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கலாம்.

பார்க்க ஆள் வருமா என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்காது என்றே நினைக்கிறேன். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் ராமாயணத்தை மறு ஒளிபரப்புச் செய்ததும், தேக் பாய் தேக், ஸ்ரீமான் ஸ்ரீமதி போன்ற இந்தி நகைச்சுவைத் தொடர்களைத் திரும்பக் கொண்டுவந்ததும் எல்லோரும் பார்த்தது. சன் டிவி மெட்டி ஒலியைத் திரும்பப் போட்டபோது எத்தனை வீடுகளில் மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்தது! டேப் இருந்தது, அதனால் போட முடிந்தது.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. தூர்தர்ஷன் தமிழ் நிலையத்தார் முதலில் 1975 முதல் 1993 வரையிலான நாடகங்களின் இருப்புப் பட்டியலை வெளியிட வேண்டும். இது பொதுமக்கள் பணத்தில் உருவானது, எங்களுக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் என்ற இணையவழி ஒளிபரப்புத் தளத்தில் தமிழ் நகைச்சுவை நாடகங்களுக்கென்று ஒரு தனிப் பகுதி வேண்டும். தனியார் சேனல்கள், உரிமை முடிந்த கார்ட்டூன்களின் தமிழ் ஒலியைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். மூல நிறுவனத்திடமே ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள், அல்லது தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தோடு பேசி ஒப்படையுங்கள். சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீசுகளையும் குப்பை என்று எல்லோரும் தூக்கிப் போட்ட காலத்தில், கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்ததிலிருந்து பிறந்த நூலகம் அது. குரல் கொடுத்தவர்களின் பெயர்களைத் தொகுக்க டப்பிங் சங்கத்தோடு உட்காருங்கள். பழைய சம்பளப் பதிவேடுகளில் பாதிப் பெயர்கள் கிடைத்துவிடும், மீதியை மூத்த கலைஞர்கள் ஞாபகத்திலிருந்து சொல்வார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

அப்புறம், உங்கள் திரையின் கீழே ஓடும் எழுத்தில் ஒரு வாரம் ஓர் அறிவிப்பு போடுங்கள். பழைய நிகழ்ச்சிப் பதிவுகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து கொடுக்கலாம், பிரதி எடுத்துக்கொண்டு கேசட்டைத் திருப்பித் தருவோம் என்று. நான் தர இருக்கிறேன். என்னைப் போல் இன்னும் பலர் மதுரையிலும் கோவையிலும் நாகர்கோவிலிலும் இருப்பார்கள்.

பட்டியலை எப்போது எதிர்பார்க்கலாம் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் நேயர்